தம்பிக்கான ஜெபக் குறிப்புகள்

எங்கள் ஆலயத்தில் பிரசங்கம் முடிந்ததும் போதகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "யாருக்காவது ஜெபக் குறிப்பு இருந்தால் சொல்லலாம்" என்பார். தேவை உள்ளவர்கள் எழுந்து நின்று, யாருக்காக, எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட வேண்டும். முழங்கால் வலி, மகளின் தேர்வு, ஊரிலிருக்கும் தாயாரின் கண் அறுவை சிகிச்சை, அரசாங்கக் குலுக்கலில் புது வீட்டுக்கு எண் கிடைப்பது. எல்லாமே நாலு பேர் முன்னால் சொல்லக்கூடிய மரியாதையான கஷ்டங்கள். எனக்குப் பதினொரு வயது நடந்த அந்த வருடம், போதகர் கண்ணாடியில் கை வைத்தாலே என் காது சுடத் தொடங்கிவிடும். அடுத்து எழுந்து நிற்கப்போகிறவர் என் அப்பா.

அப்பா கிறிஸ்தவராகப் பிறந்தவரில்லை. அம்மாதான் அந்த ஆலயத்திலேயே பிறந்து வளர்ந்தவள்; பாடகர் குழுவில் பல வருடம் பாடியவள். கல்யாணத்தின்போது அப்பா, "பிள்ளைங்கள உங்க வழியிலயே வளருங்க, எனக்கு ஒண்ணும் இல்ல" என்று பெருந்தன்மையாகச் சொன்னாராம். சொன்னபடியே நடந்துகொண்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவையும் என்னையும் தம்பியையும் சிங்கப்பூரின் தேக்காவில் இருந்த எங்கள் அடுக்குமாடியிலிருந்து ஆலய வாசல் வரைக்கும் நடத்திக் கூட்டிவருவார். பிறகு திரும்பிப் போய்க் காப்பிக்கடையில் ஒரு தேநீரோடும் தமிழ் நாளிதழோடும் உட்கார்ந்துவிடுவார். ஆராதனை முடியும் நேரத்தில் மறுபடி வாசலில் நிற்பார். மின்தூக்கி பழுதுபார்க்கிற வேலை அவருக்கு; எந்தக் கதவு எப்போது திறக்கும் என்று காத்திருப்பது பழக்கம்தான். ஆண்டவரோடு அவருக்குச் சண்டையும் கிடையாது, பேச்சுவார்த்தையும் கிடையாது.

தம்பிக்கு ஆறு வயது. ஜனவரியில் தொடக்கநிலை ஒன்றில் சேர வேண்டியவன். சீருடை வாங்கியாயிற்று, வெள்ளைக் காலணி வாங்கியாயிற்று, அவனைவிடப் பெரிதான ஒரு பையும் வாங்கியாயிற்று. டிசம்பர் விடுமுறையில் ஒரு நாள் காய்ச்சல் என்று படுத்தான். அது மூளையைத் தாக்கிய காய்ச்சல் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். கிறிஸ்துமஸுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

எங்கள் அடுக்குமாடி புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில் வெள்ளைத் துணி கட்டி, பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு, தம்பியைக் கிடத்தியிருந்தார்கள். கேலாங்கிலிருந்து வந்த அத்தை, அப்பாவின் அக்கா, கைப்பையில் விபூதிப் பொட்டலம் கொண்டுவந்திருந்தாள். பெட்டியின் தலைமாட்டில் சிலுவை நிற்பதைப் பார்த்துவிட்டு, விபூதியை எடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கடைசிவரை பைக்குள்ளேயே கையை வைத்துக்கொண்டிருந்தாள். போதகர் பேசினார். அதிகம் பேசவில்லை. "ரூபன் இல்லாமல் போய்விடவில்லை. ரூபன் ஆண்டவரிடத்தில் இருக்கிறான்" என்றார். எல்லோரும் வழக்கம்போல் "ஆமென்" என்றார்கள். கடைசி வரிசையில் குனிந்து உட்கார்ந்திருந்த அப்பா மட்டும், யாரோ தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் நிமிர்ந்து பார்த்தார்.

அதற்குப் பிறகு வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று யாரும் விதி போட்டதாக நினைவில்லை. அம்மா அவனுடைய உடுப்புகளையும் காலணியையும் அட்டைப்பெட்டிகளில் போட்டு, நாடா ஒட்டி, அலமாரிக்கு மேல் ஏற்றினாள். அவன் உட்கார்ந்த நாற்காலி சுவரோரம் போயிற்று. தப்பித்தவறி நான் "ரூ" என்று தொடங்கினால் அம்மாவின் முகம் அப்படியே நின்றுவிடும். ஆகவே நானும் பழகிக்கொண்டேன். அம்மா ஆலயத்துக்குப் போவதையும் நிறுத்திவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்குத் தலைவலி வந்தது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான் அப்பா வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டார்.

"கெளம்பு, போலாம்" என்றார் என்னிடம்.

"எங்கப்பா?"

"கோயிலுக்கு. உங்க கோயிலுக்கு."

படுத்திருந்த அம்மா தலையைத் தூக்கினாள். "நீங்களா?"

"ஆமா. போய்க் கேட்டுட்டு வந்துடறேன்."

என்ன கேட்கப் போகிறார் என்று அம்மாவும் விசாரிக்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. பழுதான இயந்திரத்துக்கு உதிரிப்பாகம் இருக்கிறதா என்று கேட்டுவரப் போகிறவர் மாதிரி கிளம்பினார்.

உள்ளே போனதும் முதல் தப்பு செய்தார். நேராக முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். ஆலயக் குழுவில் இருப்பவர்களைத் தவிர வேறு யாரும் அங்கே உட்காருவதில்லை என்பது பிறவியிலேயே தெரிந்திருக்க வேண்டிய விஷயம். எல்லோரும் எழும்போது கொஞ்சம் தாமதமாக எழுந்தார். உட்காரும்போது தனியாக நின்றார். பாட்டில் வரி தெரியாத இடங்களில் பக்கத்தில் இருப்பவரின் வாயைப் பார்த்து, ஒரு சொல் பின்தங்கி, உரத்த குரலில் பாடினார். நான் பாட்டுப் புத்தகத்தை முகத்துக்கு மிக அருகில் பிடித்துக்கொண்டேன்.

போதகர் கண்ணாடியைத் துடைத்தார். முழங்கால் வலி ஒன்று வந்தது. ஒரு தேர்வு வந்தது. பிறகு அப்பா எழுந்தார். ஓடுகிற பேருந்தில் நிற்பவரைப்போல் முன்னாலிருந்த மரத்தடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாருக்கும் வணக்கம்" என்றார். எங்கள் ஆலயத்தில் யாரும் வணக்கம் சொல்வதில்லை, 'ஸ்தோத்திரம்' என்பார்கள். "என் பையன் ரூபன். போன மாசம் உங்க முன்னாலதான் அனுப்பி வச்சோம். அவனுக்கு இருட்டுன்னா பயம். லைட் போட்டு வச்சாத்தான் தூங்குவான். அங்க எப்படின்னு எனக்குத் தெரியல. கொஞ்சம் பாத்துக்கச் சொல்லி ஜெபம் பண்ணுங்க."

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எனக்குப் பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். முதுகு முழுவதும் கண்கள் ஒட்டிக்கொண்டதுபோல் இருந்தது எனக்கு.

போதகர் நல்ல மனிதர். சங்கடப்பட்டதைக் காட்டிக்கொள்ளவில்லை. "துக்கத்தில் இருக்கும் இந்தக் குடும்பத்துக்கு ஆறுதல் தாரும், ஆண்டவரே" என்று ஜெபித்து முடித்தார். அப்பாவுக்கு அது போதவில்லை. திரும்பி வரும் வழியில் சிராங்கூன் சாலையைக் கடக்கப் பச்சை விளக்குக்காக நிற்கும்போது, "பாஸ்டர் நமக்குத்தாம்மா கேட்டாரு. அவனுக்குக் கேக்கல. நான்தான் சரியா சொல்லல போல. அடுத்த வாரம் தெளிவா சொல்லிடறேன்" என்றார்.

தெளிவாகச் சொன்னார். அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் சொன்னார். ரூபனுக்குக் காலணியில் நாடா கட்டத் தெரியாது, யாராவது கட்டிவிட வேண்டும் என்று ஒரு வாரம். கீழ்ப்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது, விழுந்தால் ரத்தத்தைப் பார்த்துப் பயந்துபோவான் என்று ஒரு வாரம். பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உடம்பு சரியில்லாதபோது அவன் படுக்கையிலேயே சிறுநீர் கழித்துவிடுவான், அதற்காக யாரும் அவனைத் திட்ட வேண்டாம் என்று சொல்லச் சொன்னார். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து அடக்கிவைத்த சிரிப்பு ஒன்று பீறிட்டு வந்தது. நான் குனிந்து, என் செருப்பின் வாரைச் சரிசெய்வதுபோல் நெடுநேரம் அப்படியே இருந்தேன். தம்பி போனதற்கு அழுத கண்ணீர் எனக்கு நினைவில்லை. அன்றைக்கு வெட்கத்தில் வந்த கண்ணீர் நன்றாக நினைவிருக்கிறது.

ஞாயிறு பள்ளியில் எனக்கு ஒரு தோழி இருந்தாள். என்னைவிட ஒரு வயது மூத்தவள், வேத வசனம் ஒப்பிப்பதில் எப்போதும் முதல் பரிசு. அவள் என்னைக் கழிப்பறைக்குப் பக்கத்தில் மடக்கினாள்.

"ஏய், உன் டாடிக்குத் தெரியாதா? தம்பி டெட் தானே?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் ஸ்டில் ப்ரே பண்ணச் சொல்றாரு? வியர்டு லா."

அவளைவிட அவளுடைய அம்மாவை நினைத்தால்தான் எனக்குப் பயம். அவர் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர். இரண்டாம் வரிசையில் ஓரத்தில் உட்காருவார். நாங்கள் முதல் வாரத்துக்குப் பிறகு பின்னால் நகர்ந்துவிட்டோம். அப்பா ஒவ்வொரு முறை எழும்போதும் அந்த ஆசிரியை உடம்போடு திரும்பி, உதடுகளை இறுக்கிக்கொண்டு, அவர் பேசி முடிக்கும்வரை வைத்த கண் எடுக்காமல் பார்ப்பார். வகுப்பில் ஒழுங்கில்லாத மாணவனைப் பார்க்கும் பார்வை அது என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது.

கடைசியில் மாமா வந்தார். அம்மாவின் அண்ணன், ஆலயக் குழுவில் பொறுப்பில் இருந்தவர். ஒரு மாலை ஆரஞ்சுப் பழங்களோடு வந்து உட்கார்ந்து, வெயிலைப் பற்றியும் மின்தூக்கிகளைப் பற்றியும் விசாரித்துவிட்டு, மெல்ல விஷயத்துக்கு வந்தார். நான் சோபாவின் மறுமுனையில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தேன். அம்மா சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"மாப்பிள்ளை, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்கக் கூடாது."

"சொல்லுங்க மச்சான்."

"நம்ம சர்ச்சில இறந்தவங்களுக்காக ஜெபம் பண்ற வழக்கம் இல்ல. துக்கப்படுறவங்களுக்காகத்தான் பண்ணுவோம். போனவங்க கடவுள் கையில இருக்காங்க. அவங்களுக்குன்னு நாம கேக்குறதுக்கு ஒண்ணும் இல்ல."

அப்பா கவனமாகக் கேட்டுக்கொண்டார். "பாஸ்டர் அன்னைக்குக் கீழ வச்சு, ரூபன் இருக்கான்னு சொன்னாரே?"

"ஆமா. ஆண்டவர்கிட்ட இருக்கான்."

"இருக்கிறவனுக்குத்தானே மச்சான் நான் கேக்குறேன்?"

மாமா ஓர் ஆரஞ்சை எடுத்து உரிக்கத் தொடங்கினார். "அதோட அர்த்தம் வேற, மாப்பிள்ளை."

"இருக்கலாம். உங்களுக்கெல்லாம் சின்ன வயசுலேருந்து கேட்டுப் பழக்கம். நான் அன்னைக்குத்தான் மொத தடவ கேட்டேன். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சே வந்துச்சு. எங்கேயும் இல்லன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்." அப்பா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "இருக்கான்னா, அவனைப் பத்தி விசாரிக்காம எப்படி இருக்கிறது?"

மாமாவிடம் அதற்குப் பதில் இருந்திருக்கும். இறையியல் வகுப்புகளுக்கெல்லாம் போனவர். ஆனால் உரித்த பழத்தைச் சாப்பிடாமல் தட்டில் வைத்தார். "தங்கச்சிக்காகத்தான் சொல்றேன். எல்லாரும் பேசுறாங்க. சர்ச்சுக்கு வரவே அவளுக்குக் கூச்சமா இருக்குமே."

சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த குழாய் நின்றது. அப்பா அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கிருந்து யாரும் வரவில்லை. குழாயும் மறுபடி திறக்கவில்லை.

"அப்படியா?" என்றார் அப்பா. "அப்ப இனிமே சொல்லல மச்சான்."

எனக்குத் தலையிலிருந்து ஒரு மூட்டையை இறக்கிவைத்ததுபோல் இருந்தது. மாமா மேல் அவ்வளவு அன்பு எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்தியபடி உட்கார்ந்திருந்தார். போதகர் கண்ணாடியைக் கழற்றினார். முழங்கால் வலி இன்னும் குணமாகவில்லை. யாருக்கோ வேலை நிரந்தரமாக வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு யாரும் எழவில்லை. போதகர் எங்கள் பக்கம் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். போதகர் துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார். போடுங்கள், கண்ணாடியைப் போடுங்கள் என்று நான் மனத்துக்குள் கெஞ்சினேன். அவர் போட்டுக்கொள்ளவிருந்த நேரத்தில் இரண்டாம் வரிசையில் பெஞ்சு முனகியது. என் தோழியின் அம்மா எழுந்து நின்றார்.

"பாஸ்டர், இன்னைக்கு ரூபனைப் பத்தி யாரும் சொல்லலையே" என்றார்.

வகுப்பறையில் வருகைப் பதிவு எடுக்கும் குரல்தான். ஆனால் அடுத்த வாக்கியத்துக்குள் அந்தக் குரல் எங்கோ போய்விட்டது.

"எனக்கும் ஒரு மக இருந்தா. இவளுக்கு முன்னாடி. எஸ்தர்னு பேரு. ஒரு வாரம்கூட இருக்கல. ரூபனோட அப்பா மாதிரி சொல்றதுக்கு எனக்கு ஒண்ணும் தெரியாது, பாஸ்டர். அவளுக்கு எதைப் பாத்தா பயம், எது புடிக்கும், எதுவும் தெரியாது. பேரு மட்டும்தான் வச்சோம். அதையும் இத்தன வருஷத்துல நான் வெளிய சொன்னதில்ல. ரூபனுக்குக் கேக்கும்போது அவளையும் சேத்துக் கேளுங்க."

அவர் பக்கத்திலிருந்த கணவர் அவருடைய கையைப் பிடித்து இழுக்கப் பார்த்தார். பிறகு இழுக்காமல் பிடித்துக்கொண்டு மட்டும் இருந்தார். என் தோழி தன் தாயை, எம்ஆர்டி ரயிலில் எதிரே வந்து உட்கார்ந்த யாரோ ஒரு பெண்ணைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். அவளுடைய காதுகள் சிவந்திருந்தன. அந்தச் சிவப்பு எனக்கு நன்றாகத் தெரிந்த சிவப்பு.

போதகர் கண்ணாடியைப் போடவே இல்லை. அது இல்லாமலே கண்ணை மூடினார். "ஆண்டவரே, ரூபன் உம்மிடத்தில் இருக்கிறான். எஸ்தர் உம்மிடத்தில் இருக்கிறாள்" என்றார். ஜெபத்தில் அவர் இவ்வளவு தடுமாறி நான் கேட்டதில்லை. "அங்கே நடப்பது எங்களுக்குத் தெரியாது. உமக்குத் தெரியும். அது போதும் என்று நம்ப எங்களுக்கு உதவி செய்யும்." எல்லோரும் ஆமென் சொன்னார்கள். பெஞ்சுகளுக்கு இடையிலான நடைவழியில் நின்றிருந்த மாமாவின் ஆமென் மட்டும் எல்லோருடையதும் அடங்கிய பிறகு தனியாக வந்தது.

எனக்கு ஒன்று மட்டும்தான் புரிந்தது. அப்பாவிடமிருந்த நோய் மற்றவர்களுக்கும் தொற்றிவிட்டது. இனிமேல் எங்கள் ஆலயத்துக்கு வெளியார் யாரையும் கூட்டிவர முடியாது.

ஆராதனைக்குப் பிறகு பின்கூடத்தில் பீஹூன் சேமியாவும் தேநீரும் கொடுப்பார்கள். அப்பா காகிதக் குவளையோடு நேராக ஆசிரியையிடம் போனார். ஆறுதல் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"பாப்பா யாரு மாதிரி இருந்தா?"

நான் அப்பாவின் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தேன். "தெரியலையே" என்றார் ஆசிரியை. பிறகு, "தலை நெறைய முடி. நர்ஸுங்க எல்லாம் மாத்தி மாத்தி வந்து பாப்பாங்க" என்றார். பிறகு தன் கையில் எதையோ ஏந்தியிருப்பதுபோல் குனிந்து பார்த்துக்கொண்டு, "அழுகை கம்மி. கொட்டாவிதான். விட்டுக்கிட்டே இருப்பா" என்றார்.

"பாத்தீங்களா? ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னீங்க" என்றார் அப்பா.

ஆசிரியை சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். சிரிப்போடு கண்ணிலிருந்து தண்ணீரும் இறங்கியது, துடைக்கவில்லை. பீஹூன் தட்டோடு கடந்து போனவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். நான் இன்னும் பலமாகச் சட்டையை இழுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா அறைக்குள் போய்ப் படுத்துவிட்டார். அம்மா சமையலறைத் தரையில் செய்தித்தாளை விரித்து நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"அப்பா இன்னைக்குப் பேசினாரா?"

"இல்ல. வேற ஆன்ட்டி பேசினாங்க" என்றேன். நடந்ததைச் சொன்னேன். அம்மா நெத்திலியிலிருந்து கையை எடுத்தாள்.

"அப்பா மாதிரி சொல்றதுக்குத் தெரியாதுன்னு சொன்னாங்களா? அப்பா அப்படி என்னதான் சொன்னாரு?"

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அவளுக்கு எதுவும் தெரியாது என்று. அப்பா எழுந்து நின்று தம்பிக்காகக் கேட்கிறார் என்று மட்டும் மாமா சொல்லியிருக்கிறார். என்னவெல்லாம் கேட்டார் என்று வீட்டில் யாரும் பேசியதில்லை. நானும் சொல்லியிருக்கவில்லை, எப்படிச் சொல்வது? இப்போது அம்மா கேட்கிறாளே என்று, தரையைப் பார்த்துக்கொண்டு ஒப்பித்தேன். இருட்டைச் சொன்னேன். ஆடிய பல்லைச் சொன்னேன். படுக்கை விஷயத்தைச் சொன்னபோது அம்மா மணிக்கட்டால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

"அது காய்ச்சல் வந்த அன்னைக்கு மட்டும்தான். அதைப் போய்ச் சர்ச்சில சொன்னாரா?"

அவளும் என்னைப்போல் வெட்கத்தில் குன்றிப்போயிருக்கிறாள் என்று நினைத்தேன். வீட்டில் எனக்கு ஒரு துணை கிடைத்துவிட்டது என்று கொஞ்சம் தைரியம்கூட வந்தது. அந்தத் தைரியத்தில், "ஷூ லேஸ் கட்டத் தெரியாதுன்னும் சொன்னாரும்மா" என்றேன்.

அம்மா முகத்திலிருந்து கையை எடுத்தாள்.

"யாரு சொன்னது? அவனுக்குக் கட்டத் தெரியும். ஸ்கூல் ஷூ வாங்கின அன்னைக்கே நான் சொல்லிக் குடுத்தேன். ஒரு காது பெருசா வரும், ஒரு காது சின்னதா வரும். ஆனா கட்டிடுவான். அப்பாகிட்டக் காட்டணும்னு சொல்லிக்கிட்டே இருந்தான். அதுக்குள்ள…"

எழுந்து கை கழுவினாள். சரியாகக்கூடக் கழுவவில்லை; நெத்திலி வாசனை போகவில்லை. நேராக அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளே இரண்டு பேரின் குரலும் நெடுநேரம் கேட்டது. சண்டை என்று முடிவுகட்டி, நெத்திலியை நானே கிள்ளி முடித்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குத் தலைவலி வரவில்லை. நீலச் சேலை கட்டிக்கொண்டு எங்களோடு வந்தாள். அவளைப் பார்த்ததும் பாடகர் குழுவிலிருந்தவர்கள் ஒருவரையொருவர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். எனக்கு ஒரே நம்பிக்கைதான். அம்மா பக்கத்தில் இருக்கிறாள், மாமாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார், ஆகவே அப்பா எழ மாட்டார்.

போதகர் கேட்டதும் முதல் ஆளாக எழுந்தார்.

"எல்லாருக்கும் வணக்கம். இனிமே சொல்லலன்னுதான் இருந்தேன். ஆனா ஒண்ணைத் திருத்தணும். என் பையன் ரூபனுக்கு ஷூ லேஸ் கட்டத் தெரியாதுன்னு முன்ன ஒரு வாரம் சொல்லியிருந்தேன். அது தப்பு. அவனுக்குத் தெரியுமாம். அவங்க அம்மா சொல்லிக் குடுத்திருக்காங்க. எனக்குத்தான் தெரியல. அதனால அந்தக் குறிப்பை மட்டும் வாபஸ் வாங்கிக்கிறேன். மத்தபடி நல்லா இருப்பான்னு நம்பறேன்."

ஆலயம் முழுவதும் சிரித்தது. ஆராதனை நடுவில், பலிபீடத்துக்கு முன்னால், வெள்ளைச் சேலைக் கிழவிகளிலிருந்து தமிழ்நாட்டிலிருந்து வேலை அனுமதியில் வந்திருந்த ஊர்ப்பையன்கள் வரை சிரித்தார்கள். போதகர் சிரித்தார். மாமா வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு சிரித்தார். அம்மா சிரித்தாள், கன்னமெல்லாம் நனையச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே உட்கார்ந்தபடி அப்பாவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் ஒருத்திதான் சிரிக்கவில்லை. பெஞ்சுக்குக் கீழே போய்விட முடியுமா என்று பார்த்தேன்.

அடுத்த வருடம் ஈஸ்டரில் அப்பா ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டார். கேலாங் அத்தை பட்டுச்சேலையில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எங்கள் ஆலயத்தில் ஜெபக் குறிப்புகளுக்கு முன்னால் ஒரு சிறு அமைதி விடும் பழக்கமும் எப்படியோ வந்துவிட்டது. அந்த நேரத்தில் யாராவது ஒரு பெயரைச் சொல்வார்கள், காரணம் சொல்ல வேண்டியதில்லை. இன்றும் நடக்கிறது. அதெல்லாம் பிற்பாடு.

லேஸ் வாபஸ் வாங்கிய அந்த ஞாயிறு மாலை மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். தொலைக்காட்சியில் ஏதோ பாட்டு நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. அம்மா மீன் பொரித்திருந்தாள். எனக்கு ஒரு துண்டு வைத்தாள், அப்பாவுக்கு ஒரு துண்டு வைத்தாள். தட்டில் மிஞ்சியிருந்த வால் துண்டைக் கரண்டியில் எடுத்துக்கொண்டு, "இதுக்கு ரூபன் இந்நேரம் ஒரு கலாட்டா பண்ணியிருப்பான்" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மா வாய் தவறிச் சொல்லிவிட்டாள். இப்போது அவளுடைய முகம் அப்படியே நின்றுவிடும், அப்பா தட்டை விட்டு எழுந்துவிடுவார், மறுபடி எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். இரண்டு பேரையும் காப்பாற்ற வேண்டியது நான்தான் என்று தோன்றியது. சோற்றுக் கையைத் தட்டிலேயே விட்டுவிட்டு, இடது கையால் ரிமோட்டை எட்டி எடுத்து, பாட்டுச் சத்தத்தை ஆனமட்டும் கூட்டினேன்.

அப்பா என் கையிலிருந்து ரிமோட்டை வாங்கிச் சத்தத்தை முழுவதுமாக நிறுத்தினார். வால் துண்டுக்காகத் தட்டை நீட்டிக்கொண்டே அம்மாவிடம், "ம், சொல்லு" என்றார்.